பெண்கோல விழைவு

ஆணாக வளர்ந்து ஆணாகவே நடமாடும் வயதுவந்த ஒருவர் பெண்ணுடை, ஒப்பனை, பெண் பெயர், பெண்ணுக்குரிய நடை பாவனை ஆகியவற்றில் பாலியல் கிளர்ச்சியோ மன ஆறுதலோ இரண்டுமோ காண்பது பெண்கோல விழைவு. சிலருக்கு இது படுக்கையறையோடு நின்றுவிடும். துணைவர் சொல்கிறபடி உடுத்தி அலங்கரித்துக்கொள்வதே இவர்களில் பலருக்கு இன்பம். சிலருக்கு இது மாதத்தில் ஓரிரவு கிடைக்கும் ஓய்வு. வேறு சிலருக்கோ, தாம் பெண்தான் என்று தெளிவதற்கு முந்திய படி. மேடையில் ஸ்திரீபார்ட் ஏற்பது கலை. திருநங்கையர் பெண்ணாக வாழ்வது அவர்களின் பாலின அடையாளம். இவ்விரண்டும் இங்கே விரிவாகப் பேசப்படவில்லை. ஆனால் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்ற சச்சரவு இவ்வரலாறு நெடுகிலும் உண்டு.

தொடக்கக் குறிப்புகள்

பழைய பதிவுகளில் அதிகம் பேசப்படுபவர் பிரெஞ்சுத் தூதரும் வாள்வீரருமான ஷெவாலியே தெயோன் (1728–1810). 1777 முதல் இறக்கும்வரை பெண்ணாகவே வாழ்ந்தார். இறந்தபின் உடலைச் சோதித்த மருத்துவர்கள் ஆண் என்று எழுதினர். அவர் பெண்ணாக வாழ்ந்ததற்கு அரசியல் காரணமா, சமய ஈடுபாடா, உள்ளியல்பா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. 1886இல் வெளியான மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங்கின் மருத்துவ நூல் இத்தகைய விருப்பங்களை நோய்களின் வரிசையில் வைத்தது. ஆங்கிலேய அறிஞர் ஹாவ்லக் எல்லிஸ், தெயோனின் பெயரையே இவ்விருப்பத்துக்குச் சூட்டினார்.

பெர்லின்

ஜெர்மன் மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1910இல் வெளியிட்ட நூல் 17 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்தது. எதிர்ப்பால் உடையை நாடுவது தன்பால் ஈர்ப்பிலிருந்து வேறானது என்று அதில் அவர் வாதிட்டார். அவர் தந்த மருத்துவச் சான்றின் பேரில் பெர்லின் காவல்துறை சிலருக்கு அனுமதிச் சீட்டு வழங்கியது. சீட்டு வைத்திருந்தவர் பெண்ணுடையில் தெருவில் நடந்தால் பொது ஒழுங்கைக் கெடுத்ததாகப் பிடிபடும் ஆபத்து குறைந்தது. 1919இல் அவர் தொடங்கிய பாலியல் ஆய்வுக் கழகத்தை 1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் சூறையாடினர். நான்கு நாள் கழித்து அதன் நூல்கள் பொதுச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டன.

கேட்ஸ்கில் மலைவீடுகள்

மிக நிறைவான பதிவுகள் 1950களின் நடுவிலிருந்து 1960களின் இறுதிவரையான அமெரிக்காவைப் பற்றியவை. அக்காலத்தில் நியூயார்க்கில் பெண்ணுடையில் பிடிபட்டவர்மேல் பாய்ந்த சட்டங்களில் ஒன்று 1845இல் இயற்றப்பட்டது. நிலவாடகையை எதிர்த்த குடியானவர்கள், அடையாளம் தெரியாமலிருக்க முகமூடியும் சீட்டித்துணி அங்கியும் அணிந்து அதிகாரிகளை விரட்டினர். அவர்களை அடக்கவே மாறுவேடத்தைக் குற்றமாக்கினார்கள். அந்தக் கிளர்ச்சி பரவிய பகுதிகளில் கேட்ஸ்கில் மலையும் ஒன்று. நூறாண்டுக்குப் பிறகு அதே மலைக்கு, அதே சட்டத்துக்கு அஞ்சியவர்கள் கார் டிக்கியில் பெண்ணுடைப் பெட்டியை ஒளித்துவைத்துக்கொண்டு வந்து சேர்ந்தனர்.

அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் மரீ டோர்னெலும் அவருடைய கணவர் டீட்டோ வலென்டியும். மரீ, மன்ஹாட்டனின் ஐந்தாம் அவென்யூவில் சவுரிமுடிக் கடை நடத்தியவர். தங்கைக்கு வாங்குவதாகச் சொல்லிக் கடைக்கு வந்த டீட்டோவிடம், முடி உங்களுக்குத்தானே என்று மரீ கேட்டதிலிருந்து பழக்கம் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. டீட்டோவின் பெண் பெயர் சுசன்னா. ஹன்டர் என்ற ஊரருகே முதலில் அமைந்த விடுதிக்குத் தெயோனின் பெயரை வைத்தார்கள். 1964 வாக்கில் ஜூவெட் என்ற ஊரில் தொடங்கிய சிறிய வீடு 'காசா சுசன்னா' எனப்பட்டது.

வந்தவர்களில் பெரும்பாலோர் மணமானவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள், நல்ல உத்தியோகத்தில் இருந்தவர்கள். அறிபுனைப் பதிப்பாளர் டொனால்ட் வொல்ஹைம் அவர்களில் ஒருவர். அந்த நட்பு வட்டத்தைப் பற்றி 1966இல் புனைபெயரில் ஒரு நூலே எழுதினார். பின்னாளில் ஆஸ்திரேலியாவில் பெண்ணாக வாழ்ந்து தன்வரலாறு எழுதிய நூலகர் கேத்தரின் கமிங்ஸும் அங்கே தங்கியவர்.

அங்கு எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் எஞ்சியுள்ளன. பார்ப்பவரை வியக்கவைப்பது அவற்றின் சாதாரணத்தன்மை. முத்துமாலையும் முழங்கால்வரை பாவாடையும் அணிந்தவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து ஸ்கிராபிள் ஆடுகிறார்கள். குதியுயர்ந்த செருப்போடு புல்வெளியில் நின்று சிரிக்கிறார்கள். படத்துக்கு நிற்கும் தோரணை மாதப் பத்திரிகைகளின் இல்லத்தரசியைப் பார்த்துக் கற்றது. அந்த மகிழ்ச்சி அவர்களுடைய சொந்தம். பிலிமைக் கடையில் கழுவக் கொடுத்தால் மாட்டிக்கொள்ளும் அச்சம் இருந்ததால் போலராய்டு கேமராவுக்கு மதிப்பு அதிகம். படத்தில் தன்னைக் கண்டபோதுதான் தான் இருப்பதே உறுதியானது என்ற பொருளில் அவர்களில் சிலர் பின்னாளில் பேசியிருக்கிறார்கள்.

பிரின்ஸும் இதழும்

இவர்களை இணைத்தது லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 1960 முதல் வந்த 'டிரான்ஸ்வெஸ்டியா' இதழ். நடத்தியவர் மருந்தியலில் முனைவர் பட்டம் பெற்ற வர்ஜீனியா பிரின்ஸ் (1912–2009). சுசன்னா அதில் தொடர்பத்தி எழுதினார். தபாலில் ஆபாசம் அனுப்பியதாகப் பிரின்ஸ்மேல் வழக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தார்.

1961இல் அவர் கூட்டிய முதல் சந்திப்புக்கு ஒவ்வொருவரும் ஆணுடையில், ஒரு ஜோடி காலுறையும் குதியுயர்ந்த செருப்பும் பையில் மறைத்து வரவேண்டும் என்பது ஏற்பாடு. எல்லோரும் ஒரே நேரத்தில் எடுத்து அணிந்தார்கள். வந்தவர்களில் வேவு பார்ப்பவர் இருந்தாலும் அவரும் அணிந்தாக வேண்டும்; ஒருவர் ரகசியம் மற்றவர் கையில். அந்த அறையில் இருந்தவர்களுக்கு, தம்மைப்போல் இன்னொருவரைக் கண்ணால் பார்ப்பது பெரும்பாலும் அதுவே முதல்முறை.

பிரின்ஸின் கொள்கை கறாரானது. பெண்கோலம் காமத்துக்காக அன்று, ஆணுக்குள் இருக்கும் பெண்மையின் வெளிப்பாடு என்றார். தன்பால் ஈர்ப்பினரையும் பாலின மாற்றம் நாடியவர்களையும் தம் அமைப்பில் சேர்க்கவில்லை. அச்சம் சூழ்ந்த காலத்தில் மதிப்பைக் காத்த வியூகம் இது என்பர் ஒருசாரார். கிளர்ச்சியை ஒப்புக்கொள்ளவிடாமல் உறுப்பினரின் வெட்கத்தை ஆழப்படுத்தியது என்பர் மறுசாரார். இதழிலேயே வந்த கடிதங்களும் கதைகளும் இரண்டாவது கருத்துக்கும் இடம் தருகின்றன. சுசன்னா 1960களின் இறுதியில் முழுநேரமும் பெண்ணாக வாழ முடிவெடுத்ததாக அறிவித்தார். பிரின்ஸ் போட்ட கோடு அமைப்பின் முன்வரிசையிலேயே அழிந்தது.

மருத்துவ நோக்கு

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு தன் பழைய பதிப்புகளில் இவ்விருப்பத்தைக் கோளாறாகப் பட்டியலிட்டது. 2013 பதிப்பின்படி, விருப்பம் மட்டுமே கோளாறாகாது. அதனால் கடும் மனவேதனையோ வாழ்க்கைப் பாதிப்போ இருக்கவேண்டும். சுவீடன் 2009இல் இதை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற, 2022இல் நடைமுறைக்கு வந்த பட்டியலிலும் இது இல்லை. தன்னைப் பெண்ணாகக் கற்பனை செய்வதில் எழும் கிளர்ச்சியே ஒருசார் திருநங்கையரை மாற்றத்துக்குத் தூண்டுகிறது என்று உளவியலாளர் ரே பிளான்சார்ட் 1989இல் முன்வைத்த கருத்தைச் சிலர் ஏற்கின்றனர். திருநங்கையர் பலரும் ஆய்வாளர் சிலரும் வன்மையாக மறுக்கின்றனர்.

தன்னை ஏற்றல்

தன்வரலாறுகளிலும் கடிதங்களிலும் திரும்பத்திரும்ப வரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. சேர்த்துவைத்த உடைகளை எல்லாம் ஒருநாள் எரித்தோ குப்பையில் போட்டோ, இனித் தொடுவதில்லை என்று சபதம் செய்வது. சில மாதங்களில் மீண்டும் வாங்கத் தொடங்குவது. திருமணம் ஆனால் சரியாகிவிடும், குழந்தை பிறந்தால் போய்விடும் என்று காத்திருந்தவர்களும் பலர். நாற்பது, ஐம்பது வயதுக்குமேல் இச்சுழற்சியை விட்டவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் எளியவை: தம்மைப்போன்ற ஒருவரைச் சந்தித்தது, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது, விருப்பம் கிளர்ச்சியா அடையாளமா என்பதை உடனே தீர்த்தாக வேண்டியதில்லை என்று உணர்ந்தது.

அண்மைக்காலம்

காசா சுசன்னாவின் படங்கள் மன்ஹாட்டன் பழம்பொருள் சந்தை ஒன்றில் கிடைத்து 2005இல் நூலாயின. அந்த விடுதியைத் தழுவிய ஹார்வி ஃபயர்ஸ்டைனின் நாடகம் 2014இல் பிராட்வேயில் அரங்கேறியது. அதைப் பற்றிய செபாஸ்தியான் லிஃப்ஷிட்ஸின் ஆவணப்படம் 2022இல் வந்தது. 1845ஆம் ஆண்டுச் சட்டத்தின் எச்சத்தை நியூயார்க் 2020இல் நீக்கியது. துணைவர் இருவரின் முழுச் சம்மதத்தோடு நடக்கும் பெண்கோல விளையாட்டு இன்று வெளிப்படையாகப் பேசப்படுகிறது; இதைப் பற்றிய ஆய்வுகள் குறைவு.

மனைவியர் தரப்பின் பதிவு இன்னும் மெலிந்தே இருக்கிறது. பிரின்ஸ் 1967இல் அவர்களுக்காக ஒரு நூல் எழுதினார், ஆனால் அது கணவரின் குரலில் எழுதப்பட்டது. மரீ டோர்னெல் தம் பங்குக்கு எழுதி வைத்தது மிகச் சொற்பம். விடுதிக்கான இடமும், விருந்தினருக்கான சவுரிமுடியும், ஒப்பனைப் பயிற்சியும் பெருமளவு அவர் தந்தவை என்பதால், இவ்வரலாற்றில் அவருக்குரிய இடம் இப்போது கிடைப்பதைவிடப் பெரியது.