கொழுந்து மலையும் குடிநுழைவுச் சட்டமும்

அந்நியத் தொழிலாளர்கள் நமக்கு வேண்டுமா, வேண்டாமா என்பது இந்த நாட்டில் ஓயாத விவாதம். அதைப் பற்றிப் பேசும்முன் உங்களைக் கேமரன் மலைக்கு, பிரிஞ்சாங் பக்கத்திலுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். இன்று அந்தச் சரிவுகளில் வேலை செய்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். ஒரு காலத்தில் அங்கே கூடை சுமந்து கொழுந்து கிள்ளியவர்கள் நம்மவர்கள். இந்த இரு கூட்டத்தாரையும் சட்டம் எப்படி நடத்தியது? அதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறோம்.

திறந்து மூடிய கதவு

ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியது 1929இல். தோட்டம் பிறந்த நேரம் நல்ல நேரமில்லை. மறு ஆண்டே உலகப் பொருளாதார மந்தம் மலாயாவைத் தாக்கியது. ரப்பர் விலை சரிந்தது. கங்காணிகள் தமிழகம் சென்று ஆள் திரட்டுவது நிறுத்தப்பட்டது. வேலையிழந்த பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1934இல் ரப்பர் விலை தேறியதும் கதவு மறுபடி திறந்தது. 1936இன் இறுதியில் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது கூடாது என்றார். 1938இல் இந்திய அரசே உதவிப் பயணத்துக்குத் தடை விதித்தது. எட்டே ஆண்டுகளில் இத்தனை மாற்றங்கள்! தொழிலாளி மாறவில்லை. அவன் தேவையும் மாறவில்லை. மாறியது முதலாளியின் கணக்கும் அரசின் கொள்கையும்தான்.

அன்றிருந்த இரண்டு வசதிகள்

கங்காணி முறையைப் புகழ யாருக்கும் வாய் வராது. தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் கமிஷன், ஆணைவிடப் பெண்ணுக்குக் குறைந்த கூலி, லயத்து வாழ்க்கை, துரையின் அதிகாரம் எல்லாம் நாம் அறிந்தவையே. ஆனாலும் அந்த முறையில் இரண்டு விஷயங்கள் இருந்தன. இன்று அவற்றை நினைத்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது, பயணச் செலவு. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தொழிலாளியின் பயணச் செலவை அந்த நிதி ஏற்றது. பின்னாளில் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று நாம் அறிந்தது இதன் வாரிசுதான்.

இரண்டாவது, தோட்டம் மாறும் உரிமை. பழைய ஒப்பந்தக் கூலி முறையில் தோட்டத்தைவிட்டு ஓடினால் சிறை. அந்த முறை 1910இல் ஒழிக்கப்பட முடிவானது. அதன்பின் கங்காணியோடு வந்தவர், ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது. நடைமுறையில் கங்காணியிடம் பட்ட கடன் பலரைக் கட்டிப்போட்டது உண்மைதான். ஆனால், தோட்டம் மாறியவன் அதனாலேயே குற்றவாளி ஆகிவிடவில்லை.

இன்றைய நிலை என்ன? வேலை பெர்மிட் ஒரே ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. ஊரில் நிலத்தை விற்றோ வட்டிக்கு வாங்கியோ ஏஜெண்டுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு வருபவர்கள் ஏராளம். சம்பளம் சொன்னபடி இல்லையென்றாலும் இடம் மாற முடியாது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர், கூடுதல் கூலிக்காகப் பக்கத்துக் காய்கறிப் பண்ணைக்குப் போனால் அன்றே பெர்மிட் பயனற்றுப் போகிறது. விமான நிலையத்தில் முறைப்படி முத்திரை வாங்கி வந்தவர், ஒரு மலைச்சரிவிலிருந்து அடுத்த சரிவுக்கு நடந்ததால் 'சட்டவிரோதக் குடியேறி' ஆகிவிடுகிறார். திருட்டுப் படகில் வந்தவரை மட்டுமே நாம் மனத்தில் வைத்துப் பேசுவது சரியாகுமா?

2002இல் குடிநுழைவுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அனுமதியின்றி நுழைந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை விதிக்கலாம். அத்தகையோரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கும் ஒரு தொழிலாளிக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. தண்டனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் 2011இல் 6பி திட்டம், 2019இல் தாயகம் திரும்பப் பொது மன்னிப்பு, 2020இல் மறுசீரமைப்புத் திட்டம் என்று பதிவுகள் தொடர்ந்தபடியே இருந்தன. கொள்கையே ஒருபக்கம் ஆளை விரட்டி, மறுபக்கம் தேடுகிறது.

நமக்கும் நேர்ந்தது

இது அந்நியரின் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1968இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969 கலவரத்துக்குப் பின் அது தீவிரமாக அமலானது. குடியுரிமை பெறாதவர், எத்தனை காலம் உழைத்திருந்தாலும் பெர்மிட் எடுக்க வேண்டும். பாரம் நிரப்பத் தெரியாமலும் பிறப்புப் பத்திரம் இல்லாமலும் சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்த பாட்டாளிகள் ஒரே இரவில் அந்நியரானார்கள். சுமார் 60,000 இந்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள் என்பது வரலாற்றாய்வாளர்கள் தரும் கணக்கு. அவர்கள் எந்த எல்லையையும் கள்ளத்தனமாகத் தாண்டவில்லை. சட்டம்தான் அவர்களைத் தாண்டிச் சென்றது.

காலியான இடங்கள் காலியாகவே இருந்தனவா? இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். 1984இல் இந்தோனேசியாவோடு மேடான் ஒப்பந்தம் செய்து தோட்டங்களுக்கு ஆள் எடுக்க வேண்டியதாயிற்று. வங்காளதேசிகள் அடுத்து வந்தார்கள்.

ஆகவே நேயர்களே, எத்தனை பேர் வரலாம் என்பதை அரசு முடிவு செய்யட்டும். அது அரசின் உரிமை. வந்தவரின் செலவை முதலாளி ஏற்க வேண்டும். கொடுமை நேர்ந்தால் வேறு முதலாளியிடம் பெர்மிட்டோடு மாற வழி வேண்டும். இவை புதுமையான கோரிக்கைகள் அல்ல. நூறாண்டுக்கு முன்பு வெள்ளைக்கார ஆட்சியே, ஏட்டளவிலாவது, கங்காணி ஆளுக்குக் கொடுத்தவை. அதைவிடக் குறைவாக ஒரு சுதந்திர நாடு கொடுக்கலாமா? கொழுந்து மலையில் பாட்டன் பாட்டி வேர்வை சிந்திய நாம்தான் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.