பஞ்சு மிட்டாயின் வரலாறு

தேர்த் திருவிழாவில் சுவாமி எழுந்தருளும் முன்னரே நம் கண்ணிற்படுவது, நீண்ட கோலில் தொங்கும் இளஞ்சிவப்புப் பஞ்சு மிட்டாய்ப் பொட்டலங்கள்தாம். விடுமுறையில் ஊர் செல்லும் நம் பிள்ளைகளும் முதலில் கை நீட்டுவது அதற்கே. நாவில் வைத்த நொடியிலே கரைந்துபோகும் இப்பண்டத்திற்கும் ஒரு வரலாறு உண்டு.

சர்க்கரைப் பாகை இழுத்து வேடிக்கை காட்டும் கலை நமக்குப் புதிதன்று. கழியின் உச்சியில் பொம்மையை நிறுத்தி, இளஞ்சிவப்புப் பாகை இழுத்துக் கைக்கடிகாரமாகவும் மயிலாகவும் வளைத்துத் தந்த சவ்வு மிட்டாய்க்காரரை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே கைத்திறனே கருவி. பஞ்சு மிட்டாயோ எந்திரம் ஈன்ற குழந்தை.

1897ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வில்லியம் மாரிசன், ஜான் வார்ட்டன் என்னும் இருவர் அவ்வெந்திரத்தை வகுத்தனர். வார்ட்டன் மிட்டாய் செய்பவர்; மாரிசனோ பல் மருத்துவர்! 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில், பெட்டி ஒன்று 25 சென்ட் விலையில் 68,655 பெட்டிகள் விற்றன.

எந்திரத்தின் இயக்கம் எளியது. சுழலும் கிண்ணத்தில் சர்க்கரை சூட்டால் உருகுகிறது. சுழற்சியின் விசையால் நுண்துளைகள் வழியே வெளியே வீசப்படுகிறது. காற்றுப் பட்டதும் இறுகி நூலாகிறது. ஒரு கைப்பிடிச் சர்க்கரை, பிள்ளையின் முகத்தையே மறைக்கும் மேகமாகிவிடுகிறது.

அந்நூலின் இயல்பான நிறம் வெண்மை. இளஞ்சிவப்பு, மனிதர் சேர்த்தது. கேடு புகுந்ததும் அவ்வழியே. துணிக்கும் தாளுக்கும் ஏற்றும் ரோடமின்-பி என்னும் சாயம் கலந்திருப்பது ஆய்வில் தெரியவரவே, 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும், அதனையடுத்துத் தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. உணவில் இச்சாயத்திற்குச் சட்டம் இடம் தருவதில்லை.

தடை சரியே, குழந்தைகளின் உடல்நலத்தினும் பெரிது எதுவுமில்லை. ஆயினும் அக்கோலைச் சுமந்தவர்களை நாம் நினையாதிருக்க முடியவில்லை. அவர்களுள் பலர் வட மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடித் தெற்கே வந்தவர்கள். நாமும் ஊரை விட்டு வந்து, பிற மாநிலத்தில் வேர் பிடித்தவர்களல்லவா? மலிந்த விலையில் நஞ்சுச் சாயம் அவர்கள் கைக்கு எட்டியது எவ்வாறு என வினவாமல், கடற்கரையில் நின்று விற்றவரை மட்டும் பழிப்பது அறமாகாது.

உணவிற்கென அனுமதிக்கப்பட்ட சிவப்பு நிறமிகள் உள்ளன. பீட்ரூட் சாறும் உண்டு. அவற்றைக் கையாளும் முறையைச் சிறு விற்பனையாளர்க்குக் கற்பிப்பது அரிய செயலன்று. நிறமே இல்லாவிடினும் குறையென்ன? வெண்பஞ்சும் அதே இனிப்புத்தான். அடுத்த திருவிழாவில் நம் பிள்ளைகள் வெள்ளை மிட்டாயைக் கேட்டு வாங்கட்டும். அதை விற்பவரின் ஊர் எதுவென்றும் அன்போடு கேட்கட்டும்.