டெல் ஹாயில் வீழ்ந்தவர்

1904இல் ஜப்பானியர் போர்ட் ஆர்தர் கோட்டையை முற்றுகையிட்டபோது, ரஷ்யப் படையில் இருந்த யோசெஃப் ட்ரம்பெல்டோர் என்ற யூத வீரர் தம் இடக்கையை இழந்தார். காயம் ஆறியதும் ஒற்றைக் கையோடு களத்திற்கே திரும்பினார். கோட்டை வீழ்ந்தபின் ஜப்பானில் போர்க்கைதியாக இருந்தார். ரஷ்யா திரும்பியதும் அவருக்கு அதிகாரி நிலை அளிக்கப்பட்டது. ஜார் ஆட்சியில் யூதர் ஒருவருக்கு அது மிக அரிதாகக் கிட்டிய சிறப்பு.

1880இல் காகசஸ் பகுதியின் பியாதிகோர்ஸ்க் நகரில் பிறந்தவர் அவர். டால்ஸ்டாயின் சிந்தனையில் தோய்ந்து, உழைப்பைப் பகிர்ந்து வாழும் கூட்டுப் பண்ணைகளைக் கனவு கண்டார். முதல் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முன்பு, துருக்கிய ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்திற்குச் சென்று கலிலேயாவில் நிலத்தில் உழைத்தார். போர் மூண்டதும் எகிப்து சென்றார். 1915இல் கலிப்போலியில், பதுங்குகுழிகளுக்கு நீரும் வெடிமருந்தும் சுமந்த சீயோன் கோவேறுகழுதைப் படையில் பணியாற்றினார்.

போர் முடிந்தபின் வடகலிலேயாவின் நிலை குழம்பியது. பிரிட்டிஷ் படை விலக, பிரெஞ்சுக்காரருக்கும் அவர்களை எதிர்த்த அரபுக் கிளர்ச்சியாளருக்கும் இடையே சில யூதக் குடியிருப்புகள் சிக்கிக்கொண்டன. அவற்றுள் ஒன்றான டெல் ஹாயின் பாதுகாப்பை ட்ரம்பெல்டோர் ஏற்றார். அவ்விடங்களைக் கைவிடலாமா என்று யூதத் தலைவர்கள் விவாதித்தனர். தொழிலாளர் தலைவர்கள் கூடாது என்றனர். காக்க இயலாது, விலகுவதே முறை என்றார் ஜபோடின்ஸ்கி.

1920 மார்ச் 1 அன்று, பிரெஞ்சு வீரர்கள் ஒளிந்துள்ளனரா என்று தேட அரபுக் குழுவொன்று வந்தது. சோதனை துப்பாக்கிச் சண்டையாக மாறியது. வயிற்றில் குண்டு பாய்ந்த ட்ரம்பெல்டோர் அன்று மாலை உயிர் நீத்தார். எஞ்சியோர் டெல் ஹாயை விட்டு வெளியேறினர். தாயகத்திற்காக இறப்பது நன்று என்பது அவரது இறுதிச்சொல்லாகப் பரவியது. பின்னாளில் அதன் மெய்ம்மை ஐயத்திற்கு உள்ளானது.

இறந்தவரை இரு தரப்பும் உரிமை கொண்டாடின. தொழிலாளர் இயக்கம் 1921இல் 'டெல் யோசெஃப்' என்று கூட்டுப்பண்ணை அமைத்தது. விலகச் சொன்ன ஜபோடின்ஸ்கியின் இளைஞர் இயக்கமோ 1923இல் 'பெத்தார்' என்ற பெயரில் அவரையே தாங்கி எழுந்தது. ஒன்று அவருடைய கலப்பையை எடுத்துக்கொண்டது, மற்றது துப்பாக்கியை. இரண்டையும் ஒரே கையால் பிடித்திருந்த மனிதர் எங்கோ மறைந்துபோனார்.

டெல் ஹாயைக் காத்து மாண்ட எண்மரின் நினைவாகக் கிர்யாத் ஷ்மோனா, அதாவது எண்மர் நகர், எழுந்தது. அது அமைந்த இடம் 1948இல் மக்கள் வெளியேறிய அல்-காலிஸா என்னும் அரபுச் சிற்றூர். அந்தப் பெயரைச் சுமக்க ஒரு நகரம் அமையவில்லை.