பெருந்தொற்றுக் காலத்துச் சுதந்திரச் சந்தைவாதம் (இலங்கை)

கொரோனாத் தொற்றினால் சீர்குலைந்த இலங்கைப் பொருளாதாரத்தை மீட்பதற்கு அரச கட்டளைகளிலும் பார்க்கப் போட்டியும் தடையற்ற வர்த்தகமுமே உகந்த சாதனங்கள் என்று 2020 முதலாகக் கொழும்பில் எடுத்துரைக்கப்பட்ட கொள்கை இது. 1977இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசு புகுத்திய திறந்த பொருளாதாரத்தின் வழியில் வந்த இவ்வாதத்துக்கு, 2016இல் தோன்றிய அட்வகாட்டா என்னும் ஆய்வு நிறுவகம் பிரதான பிரசார பீடமாயிற்று.

2020 மார்ச்சில், ஊரடங்குச் சட்டம் பிறப்பதற்குச் சில தினங்கள் முன்னதாக, பருப்புக்குக் கிலோ 65 ரூபாவும் ரின் மீனுக்கு 100 ரூபாவும் உச்சவிலையென அரசு விதித்தது; விதித்த விலைக்குக் கொள்முதல் செய்ய இயலாத வியாபாரி சரக்கை இறக்குவானா என்று எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பருப்பு கடைகளில் அரிதாயிற்று. ஏப்ரல் முடிவில் அவ்விலை கைவிடப்பட்டது. அந்நியச் செலாவணியைச் சேமிக்கும் நோக்கத்தோடு மஞ்சளுக்கும் உழுந்துக்கும் இடப்பட்ட இறக்குமதித் தடையின் பலனைக் கொழும்பின் வெள்ளவத்தை நன்கறியும்: தோசையும் வடையும் இன்றிக் காலி வீதியின் சைவக்கடை ஏது? உழுந்தின் விலையோ பன்மடங்காயிற்று. இவ்விடயத்தில் சந்தைவாதிகளின் கூற்றே சரியென்பதில் ஐயமில்லை.

ஆயினும் 2020 அக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையில் தொற்றுப் பரவி, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் முதலிய பொலிஸ் பிரிவுகள் முடக்கப்பட்டபோது, கொழும்பின் வணிகப் பகுதியான புறக்கோட்டையில் மூட்டை சுமந்து அன்றன்று கூலி பெற்ற நாட்டாமிக்கு விலைச் சுதந்திரத்தால் விளைந்த பிரயோசனம் யாதுமில்லை. கையில் காசில்லாதவனுக்குச் சந்தை திறந்தாலென்ன, மூடினாலென்ன? வறியோருக்கு நேரடிப் பண உதவி வேண்டுமென்று இவ்வாதிகளும் சொன்னதுண்டு. எனினும், அரசு முன்னர் செய்த வரிக் குறைப்பினால் திறைசேரி வற்றியிருந்த வேளையில் அப்பணம் எங்கிருந்து வரும் என்பதே அவர்கள் வாதத்தின் கடினமான பகுதி.

இலங்கையில் 527 அரச தொழில்முயற்சிகள் இருந்தும் 55இன் கணக்குகளே ஒழுங்காக வெளிவருகின்றன என்று அட்வகாட்டா சுட்டிக்காட்டியதும், மத்திய வங்கி பணம் அச்சிடுவதையும் டொலரின் பெறுமதியை ஏறத்தாழ 200 ரூபாவில் கட்டிவைத்ததையும் அதன் எழுத்தாளர்கள் கண்டித்ததும் ஆட்சியாளர் செவியில் ஏறவில்லை. 2021இல் இரசாயன உரத்துக்கும் இறக்குமதித் தடை வந்தது. அவ்வாண்டு நவம்பரில் அது நீங்கிற்று; ஆயினும் விளைச்சல் குன்றிற்று. 2022 ஏப்ரல் 12இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் தற்காலிகமாகச் செலுத்த இயலாதென அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் உதவிக்கு இசைந்தது. மத்திய வங்கி அரசாங்கத்துக்குக் கடன் கொடுப்பதைத் தடுக்கும் சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறிற்று.