குறி தவறிய அம்பு

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கிரேக்கத் துன்பியல் நாடகம் ஒன்றை ஆங்கில மொழிபெயர்ப்பில் பயில்வது நெடுநாளைய வழக்கம். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளின் கையில் சாஃபக்ளீஸ் இயற்றிய ‘ஈடிபஸ் மன்னன்’ அல்லது ‘ஆன்டிகனி’ கொடுக்கப்படும். படித்து முடித்தபின் கட்டுரை ஒன்று வரைய வேண்டும். அதற்கென ஆசிரியர்கள் தரும் வினாக்களுள் மிகவும் பழகிப்போனது ஒன்றுண்டு: “இம்மன்னனின் வீழ்ச்சிக்குக் காரணமான குணக்குறை யாது?” மாணவர் ‘அகந்தை’ என்றோ ‘முன்கோபம்’ என்றோ விடை வரைவார், நாடகத்திலிருந்து மூன்று சான்றுகள் காட்டுவார், மதிப்பெண்ணும் பெறுவார்.

வினா சிறியதுதான். ஆயினும், துயரில் வீழ்ந்த மனிதனை எவ்விதம் நோக்குவது என்னும் பெரும்பாடம் ஒன்று அதனுள் மறைந்து கிடக்கிறது. இளமையில் பதிந்த நோக்கு முதுமை வரை உடன் வருமன்றோ? ஆதலின் இவ்வினா எங்கே தோன்றியது, நேரானதுதானா என்று ஆராய்வது வீண்வேலை ஆகாது. இந்த வரலாற்றில் பக்தாதுக்கும் குர்துபாவுக்கும் பங்குண்டு என்பதையும் நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நலம்.

முதலில் கதையைச் சுருங்கக் கூறுவோம். பிறக்கப்போகும் மகன் தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்னும் குறிமொழி கேட்டு அஞ்சிய தீப்ஸ் நகர அரசன் லேயஸ், குழந்தையின் கணுக்கால்களைத் துளைத்துக் கட்டி மலையில் விட்டுவரச் செய்கிறான். இரக்கமுள்ள இடையன் ஒருவனால் பிழைத்த அக்குழந்தை, கொரிந்து நகர அரண்மனையில் ஈடிபஸ் என்னும் பெயரில் வளர்கிறது. வளர்ந்த பின் அதே குறிமொழியைத் தானும் கேட்ட ஈடிபஸ், வளர்த்தவர்களையே பெற்றோர் என நம்பி, அவர்களுக்குத் தீங்கு நேராதிருக்க ஊரை விட்டே ஓடுகிறான். வழியில் மூன்று பாதைகள் கூடும் இடத்தில், தன்னைத் தாக்கிய முதியவர் ஒருவரைத் திருப்பித் தாக்கிக் கொல்கிறான். பின்னர் தீப்ஸ் நகரைப் பேரிடரிலிருந்து காத்து அரசனாகி, விதவை அரசியை மணக்கிறான். ஆண்டுகள் கழிந்து நகரில் கொள்ளைநோய் பரவுகிறது. குடிமக்களைக் காக்க வேண்டி, பழைய அரசனைக் கொன்றவன் யாரென ஈடிபஸ் விடாது விசாரிக்கிறான். விசாரணை அவனிடமே வந்து நிற்கிறது. அரசி உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அவன் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத் திருவிழாவில், பல்லாயிரம் மக்கள் கூடிய திறந்தவெளி அரங்கில் இத்தகைய நாடகங்கள் நடிக்கப்பட்டன. சாஃபக்ளீஸ் இயற்றியவை நூற்றிருபதுக்கும் மேற்பட்டவை என்பர். முழுமையாக எஞ்சியவை ஏழு மட்டுமே. அவ்வேழும் நம் காலம் வரை வந்து சேர்ந்ததற்குப் பள்ளிக்கூடமே பெருங்காரணம். ஆசிரியர்கள் மாணவர்க்கெனத் தேர்ந்தெடுத்த நாடகங்கள் மீண்டும் மீண்டும் பிரதி எடுக்கப்பட்டன, மற்றவை அழிந்துபட்டன. பைசாந்தியப் பள்ளிகளில் அத்தேர்வு மேலும் குறுகி, சாஃபக்ளீஸின் மூன்று நாடகங்களே பெரிதும் பயிலப்பட்டன. ‘ஈடிபஸ் மன்னன்’ அம்மூன்றனுள் ஒன்று.

அந்தப் பழைய பள்ளிகளில் எழுத்துப் பயிற்சி எப்படி இருந்தது? கி.பி. நான்காம் நூற்றாண்டில் அஃப்தோனியஸ் என்னும் ஆசிரியர் பதினான்கு பயிற்சிகள் கொண்ட பாடநூல் ஒன்றை வகுத்தார். ஒரு பாத்திரத்தின் நிலையில் நின்று அதன் சொற்களைத் தாமே இயற்றுவது அவற்றுள் ஒரு பயிற்சி. தன் பிள்ளைகள் அனைவரையும் பறிகொடுத்த நையோபி என்ன சொல்லிப் புலம்பியிருப்பாள் என்பதே அவர் காட்டிய மாதிரி. அவருடைய ஆசான், அந்தியோக்கியா நகரத்து லிபானியஸின் பெயரால் வழங்கும் பயிற்சிகளிலோ, பெற்ற மக்களைக் கொல்லத் துணிந்த மெடியாவின் சொற்கள் இடம்பெறுகின்றன. அக்காலத்து மாணவன் தீர்ப்புரைக்கும் முன்னர், வீழ்ந்தவரின் நெஞ்சுக்குள் ஒருமுறை புகுந்து வர வேண்டியிருந்தது.

இனி ‘குணக்குறை’ என்னும் சொல்லுக்கு வருவோம். அரிஸ்டாட்டில் தமது கவிதை இயல் நூலில், துன்பியல் நாடகத்துக்கு ஏற்ற தலைவன் மிக உத்தமனாகவும் இருத்தலாகாது, கொடியவனாகவும் இருத்தலாகாது. தீமையால் அன்றி ஒரு ‘ஹமார்த்தியா’ காரணமாக அவன் வீழ வேண்டும் என்றார். அச்சொல்லின் வேர்ப்பொருள் குறி தவறுதல். எறிந்த ஈட்டி இலக்கில் படாமல் போவதைக் கூற ஹோமரின் காவியமே இவ்வேரிலிருந்து பிறந்த வினைச்சொல்லை ஆள்கிறது. அரபு மதரஸாவில் ஓதிய நமக்கு இதைக் கேட்டவுடன் ‘கதஉ’ என்னும் சொல் நினைவில் எழாமல் போகாது. எய்தவன் குறி தவறினான் என்பதற்கும், ஒருவன் பிழை செய்தான் என்பதற்கும் அரபியில் ‘அக்தஅ’ என்னும் ஒரே வினைதான். நம் தமிழிலும் குறி தவறுகிறது, கால் தவறுகிறது. செய்த பிழைக்கும் தவறு என்றே பெயர். மூன்று மொழிகளும் ஓரிடத்தில் கூடி நிற்பது வியப்பன்றோ!

இந்நூல் அரபுலகுக்கு வந்தது பக்தாதில். ஹிஜ்ரி 328 (கி.பி. 940)இல் மறைந்த அபூ பிஷ்ர் மத்தா இப்னு யூனுஸ் என்னும் கிறித்தவ அறிஞர், சுரியானி மொழி வழியாக இதனை அரபியில் பெயர்த்தார். நாடக அரங்கைக் கண்டறியாத சூழலில் துன்பியல் நாடகத்துக்கு ‘மதீஹ்’ எனவும், நகைச்சுவை நாடகத்துக்கு ‘ஹிஜாஉ’ எனவும் பெயரிட்டார். முன்னது புகழ்ப்பா, பின்னது வசைப்பா. குர்துபாவின் இப்னு ருஷ்து (1126–1198) இந்நூலுக்கு விளக்கவுரை எழுதியபோது அப்பெயர்களையே பின்பற்றினார். அவ்வுரையை 1256இல் ஹெர்மன் என்னும் அறிஞர் தொலைத்தூலா நகரில் லத்தீனில் பெயர்த்தார். இடைக்கால ஐரோப்பா அரிஸ்டாட்டிலின் கவிதை இயலைப் பெரும்பாலும் இவ்வுரை வழியாகவே அறிந்தது.

புகழ்ப்பா என்று பொருள் கொண்டதற்காக இப்னு ருஷ்தைப் பிற்காலத்தார் சிலர் நகைத்தனர். நாடகம் எது என்பதில் அவருக்குத் தெளிவு கிட்டவில்லை என்பது உண்மையே. ஆயினும் அரிஸ்டாட்டில் கூறிய உணர்ச்சியின் மையத்தை அவர் தவறவிடவில்லை. துன்பத்துக்குத் தகாதவனைத் துன்பம் பற்றும்போதே இரக்கம் பிறக்கும் என்பதை அவர் தெளிவாகக் கண்டார். நபி யூஸுஃப் (அலை) அவர்களுக்கும் அவர்தம் சகோதரர்களுக்கும் இடையே நடந்தவற்றையும், நபி இப்றாஹீம் (அலை) அவர்கள் தம் மைந்தரைப் பலியிடக் கட்டளை பெற்ற வரலாற்றையும் அவர் சான்றாகக் காட்டினார். அவ்வரலாறுகளைக் கேட்டு உருகாத நெஞ்சு உண்டோ?

ஐரோப்பியப் பள்ளிகளில் நெடுங்காலம் இந்நாடகங்கள் கிரேக்க மொழியிலேயே, இலக்கணப் பாடமாகவே பயிலப்பட்டன. பின்னர்க் காலம் மாறியது. கிரேக்கம் அறிந்தவர்க்கே இடம் என்னும் கட்டாயத்தைக் கேம்பிரிட்ஜ் 1919இலும் ஆக்ஸ்ஃபோர்டு 1920இலும் கைவிட்டன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அதற்கு முன்னரே அப்பாதையில் அடி எடுத்து வைத்திருந்தன. இதற்கிடையே ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1874 முதல், குறித்த இலக்கிய நூல்களைப் படித்து அவற்றிலிருந்து கட்டுரை எழுதுவதை நுழைவுத் தேர்வின் ஒரு பகுதியாக்கியது. இலக்கியம் படித்தலும் கட்டுரை எழுதலும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டதற்கு அது ஒரு பெருந்தூண்டுதல். உயர்நிலைப் பள்ளிகள் அவ்வழியே நடந்தன. பிறகு எளிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் வந்தன. டட்லி ஃபிட்ஸும் ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டும் சேர்ந்து ‘ஆன்டிகனி’யை 1939இலும் ‘ஈடிபஸ் மன்ன’னை 1949இலும் வெளியிட்டனர். இங்கிலாந்தில் வாட்லிங்கின் மொழிபெயர்ப்பு 1947இல் மலிவுப் பதிப்பாக வந்தது. கிரேக்கம் அறியாத பிள்ளைகளின் கைக்கும் சாஃபக்ளீஸ் எட்டினார்.

ஆனால் தேர்வுக் கட்டுரைக்கென்று ஓர் அச்சு உண்டு. முதற்பத்தியில் ஒரு கூற்று. அடுத்த மூன்று பத்திகளில் மூன்று சான்றுகள். ஐந்தாம் பத்தியில் முடிவுரை. இவ்வச்சுக்குள் எளிதாக அடங்கும் விடை ஒற்றைச் சொல் விடையே. ஹமார்த்தியாவைக் குணக்குறை எனப் பெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது. ஏ.சி. பிராட்லி 1904இல் ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூல், பாத்திரத்தின் குணத்திலிருந்தே அதன் செயலும் அழிவும் விளைகின்றன என்று வற்புறுத்தியது. மாக்பெத்துக்குப் பொருந்திய அளவுகோலைக் கொண்டு ஈடிபஸையும் அளக்கும் பழக்கம் வகுப்பறையில் வேரூன்றியது.

இதன் விளைவை ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் ஈ.ஆர். டாட்ஸ் 1966இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் எடுத்துக்காட்டினார். இறைவன் மனிதரை நடத்தும் முறை நியாயமானது என நிறுவ இந்நாடகம் முயல்கிறதா என்னும் கருத்துப்பட அவர் தேர்வில் ஒரு வினா விடுத்திருந்தார். விடைத்தாள்கள் மூன்று வகையாகப் பிரிந்தன. ஈடிபஸ் தன் குறைக்காகத் தண்டிக்கப்பட்டான் என்றனர் ஒரு சாரார். மனிதர் விதியின் கைப்பாவைகள் என்பதே நாடகம் என்றனர் வேறொரு சாரார். புலவர் கலைஞர் மட்டுமே, அவருக்குக் கொள்கை எதுவும் இல்லை என்றனர் எஞ்சியோர். மூன்றும் பிழை என்றார் டாட்ஸ். அறியாமல் செய்த செயலையே அரிஸ்டாட்டில் கருதினார் என்றும், தீய குணத்தை அல்லவென்றும் அவர் நிறுவினார். ஈடிபஸின் பெருமையோ, எவ்வளவு கசப்பாயினும் உண்மையை விடாது தேடியதில் இருக்கிறது என்றார்.

ஃபிக்ஹு ஓதிய எவர்க்கும் இவ்வேறுபாடு புதிதன்று. வேண்டுமென்றே செய்த கொலையையும், தவறுதலாக நேர்ந்த கொலையையும் நம் சட்ட அறிஞர்கள் தனித்தனியே வைத்தனர். பின்னதற்கு ஹனஃபி நூல்கள் காட்டும் எடுத்துக்காட்டும் அம்புதான். வேட்டை விலங்கென எண்ணி எய்தான், அது மனிதனாக இருந்தது. இஃது எண்ணத்தில் நேர்ந்த தவறு. குறியை நோக்கி எய்தான், மனிதன்மேல் பட்டது. இது செயலில் நேர்ந்த தவறு. இரண்டிலும் இரத்த ஈடும் பரிகாரமும் உண்டு; பழிக்குப் பழி இல்லை. ஈடிபஸ் ஒரு சண்டையில் மனிதனைக் கொன்றான் என்பது மெய். அம்மனிதன் தன் தந்தை என்பதை அவன் அறியான். இவ்விரண்டையும் பிரித்தறியும் மாணவனே நாடகத்தை உண்மையில் படித்தவன்.

‘ஆன்டிகனி’ விஷயத்தில் இத்தீங்கு இன்னும் மிகுதி. நகருக்கு எதிராகப் படை கொண்டு வந்து மாண்ட சகோதரனின் உடலை அடக்கம் செய்யலாகாது என அரசன் கிரேயன் ஆணையிடுகிறான். தங்கை அதை மீறி மண் இடுகிறாள். மரண தண்டனை விதிக்கப்பட்டு, உயிருடன் கற்குகையில் அடைக்கப்பட்டு, அங்கே தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். ‘பிடிவாதம்’ அவளது குணக்குறை என்று எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கக்கூடும். ஜனாஸாவை மண்ணில் ஒப்படைப்பது சமுதாயம் முழுவதன் கடமை என்று கற்ற நம் வீட்டுப் பிள்ளை அவ்வாறு எழுதுமா? ராபன் தீவுச் சிறைவாசிகள் இந்நாடகத்தை நடித்தபோது, நெல்சன் மண்டேலா கிரேயனாக வேடம் தாங்கினார். 1994இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அதனைக் குறிப்பிட்டுள்ளார். கொடுங்கோன்மைக்கு ஆளானவர் கொடுங்கோலனின் சொற்களைப் பேசி அவன் மனத்தை அறிந்துகொண்டார். பழைய பள்ளியின் பயிற்சியும் இதுவேயன்றோ?

பல தெய்வங்களை வணங்கியோரின் கதைகள் நமக்கு எதற்கு என்று ஐயுறுவோர் இருக்கலாம். சிறுவயதிலேயே பார்வை இழந்த எகிப்தியப் பேரறிஞர் தாஹா ஹுஸைன் 1939இல் சாஃபக்ளீஸை அரபியில் தந்தார். தவ்ஃபீக் அல்-ஹகீம் 1949இல் ‘மன்னர் ஊதீப்’ நாடகத்தை வெளியிட்டு, முற்காலத்து அரபியர் இந்நாடகங்களை ஏன் பெயர்க்கவில்லை என்பதை அதன் முன்னுரையில் விரிவாக ஆராய்ந்தார். நம்பிக்கை தம்முடையதாகவே இருக்க, மனித நெஞ்சைப் பற்றிய அறிவைப் பிறரிடமிருந்து அவர்கள் பெற்றுக்கொண்டனர்.

அப்படியானால் ஆசிரியர் என்ன வினா கொடுப்பது? நம் எண்ணத்தில் மூன்று வினாக்கள் போதும். அந்நேரத்தில் அம்மனிதன் எதை அறிந்திருந்தான், எதை அறியான்? அவனைச் சூழ்ந்திருந்தோர் யாது செய்தனர்? உண்மை தெரிந்தபின் அவன் எவ்வாறு நடந்துகொண்டான்? இவற்றுக்கு ஒற்றைச் சொல் விடையாகாது. மாணவன் நூலைத் திரும்பப் புரட்ட வேண்டும், தயங்க வேண்டும், எழுதியதை அடித்துத் திருத்த வேண்டும். 1580இல் பிரெஞ்சு அறிஞர் மான்டேன் தம் எழுத்துகளுக்கு இட்ட பெயரே பின்னர் ஆங்கிலத்தில் கட்டுரையைக் குறிக்கும் சொல்லாயிற்று. முயன்று பார்த்தல் என்பதே அதன் பொருள்.

ஊரில் ஒருவருக்கு வியாபாரம் நொடித்தது என்று கேட்டாலும், ஒரு வீட்டுப் பெண்ணின் வாழ்வு குலைந்தது என்று கேட்டாலும், “அவரிடம் என்ன குறையோ?” என்றுதான் பலர் நாவும் முதலில் அசைகிறது. அப்படிக் கேட்பதில் கேட்பவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. அக்குறை தம்மிடம் இல்லை, ஆதலின் அத்துன்பம் தம்மை அணுகாது என்னும் பொய்யான ஆறுதல். வகுப்பறைக் கட்டுரை அந்த நாவுக்குக் கூர் தீட்டவும் கூடும். அதனைச் சற்றே அடக்கி, எய்தவன் நின்ற இடத்தில் நின்று பார்க்கப் பழக்கவும் கூடும். எதைப் பழக்குவது என்பது வினா விடுக்கும் ஆசிரியரின் கையில் இருக்கிறது. பிள்ளை எழுதிய கட்டுரையை வீட்டில் வாங்கிப் படிக்கும் பெற்றோரின் கையிலும் இருக்கிறது.