பேரேட்டில் அடிக்கப்படாத ஒரு பெயர்

நம் சங்கம் பொன்விழாக் காணும் இவ்வேளையில், சங்கத்தைவிட வயதில் மூத்த ஒரு பொருளைப் பற்றி எழுத விரும்புகிறேன். அது எங்கள் கடையின் பழைய கணக்குப் பேரேடு.

மர்ஹூம் பாட்டனார் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தவர். 1926இல் கட்டப்பட்ட அக்கப்பலில் வந்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. குடும்பத்தை ஊரில் விட்டு வந்த தொழிலாளர்கள், தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைப் பாட்டனாரிடம் கொடுத்து வைப்பார்கள். ஊருக்குத் திரும்பும்போது வாங்கிக்கொள்வார்கள். அந்த அமானிதக் கணக்குதான் பேரேட்டின் பின்பகுதி.

அது முழுவதும் அரபுத்தமிழ். தமிழை அரபு எழுத்தில் எழுதும் இம்முறையில், அரபியில் இல்லாத ட, ப, ழ போன்ற ஒலிகளுக்குக் குறிகள் சேர்த்த தனி எழுத்துகள் உண்டு. மார்க்க நூல்களையும் குடும்பக் கடிதங்களையும் நம் முன்னோர் இதில் எழுதினர். குர்ஆன் ஓதத் தெரிந்த எனக்கு, அப்பக்கங்களில் இருப்பது என் தாய்மொழி என்பதே நெடுநாள் தெரியாது.

வாப்பாவின் அக்காவான, எண்பதைக் கடந்த மாமிதான் வாசித்துக் காட்டினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் பெயரின் மேல் கோடு அடிப்பது பாட்டனாரின் வழக்கம். ஒரே ஒரு பெயரில் கோடு இல்லை. தொகை நாற்பது வெள்ளி. அவரது ஊர்ப்பெயர் இருந்த இடத்தில்தான், கிழிசலை ஒட்டுவதாக நினைத்து, நான் முன்பு செலோடேப் போட்டிருந்தேன். அது பழுத்து, மையோடு உரிந்துவிட்டது.

“அவுக மறக்கக் கூடாதுன்னு எழுதி வச்சாக, நீ ஒட்டி அழிச்சுட்டியே” என்றார் மாமி.

அவர் வாரிசுகளை இன்னும் விசாரித்து வருகிறேன். கிடைக்காவிட்டால் அவர் பெயரில் தர்மம் செய்துவிடுமாறு இமாம் கூறியிருக்கிறார்.

உங்கள் வீட்டுப் பழைய தாள்களில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சையும் பூச்சியும் விரைவில் பிடிக்கும். அமிலமற்ற தாளில் சுற்றி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். படம் எடுத்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள்.

1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்ட தெலுக் ஆயர் நாகூர் தர்கா, 1974 முதல் தேசிய நினைவுச்சின்னம். அதைக் காக்கச் சட்டம் இருக்கிறது. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பேரேட்டைக் காக்க நம்மைத் தவிர யாருமில்லை. அதுவும் நம்மிடம் உள்ள அமானிதமே.