பலகைக்கு அடியில் ஒரு பெருக்கல் குறி

பழைய மார்ட்டின் கிட்டார் விலைக்கு வந்தால், வாசித்துப் பார்ப்பதற்கு முன்பே அதன் ஒலித்துளைக்குள் விளக்கடித்து, குட்டிக் கண்ணாடியை நீட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள் தேடுவது மேல்பலகையின் அடியில் ஒட்டியிருக்கும் மரச்சட்டங்களை. பார்வையாளர் யாரும் காணாத அந்தச் சட்டங்கள்தான் கிட்டாரின் குரலையும் விலையையும் பெருமளவு தீர்மானிக்கின்றன.

மேல்பலகையின் கனம் 3 மி.மீ. அளவுதான். பலகை தடித்தால் வாத்தியம் ஊமையாகிவிடும். மெலிந்தால் கம்பிகளின் இழுவையில் வளைந்துபோகும். இந்த இக்கட்டுக்கு ஐரோப்பியர் கண்ட வழி, பலகையின் குறுக்கே ஏணிப்படிகளைப் போலச் சட்டங்களை ஒட்டுவது. ஸ்பெயின்காரர்கள் விசிறி மடிப்பாக ஒட்டினார்கள்.

சாக்சனியில் 1796-இல் பிறந்த கிறிஸ்டியன் ஃபிரடெரிக் மார்ட்டின், வியன்னாவில் ஸ்டௌஃபர் என்ற கிட்டார் வினைஞரின் பட்டறையில் தொழில் பழகியவர். ஊர் திரும்பினால் சண்டை காத்திருந்தது: கிட்டார் செய்யும் உரிமை தங்களுக்கே என்றது வயலின் செய்வோர் சங்கம், மார்ட்டின் குடும்பமோ தச்சர் சங்கத்தைச் சேர்ந்தது. 1833-இல் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத்தில் குடியேறினார். அமெரிக்காவில் அவர் கிட்டார்களில் ஸ்பானிய பாணி மெல்ல ஏறியது. மேடம் டி கோனி என்ற ஸ்பானியக் கலைஞருக்காக 1843-இல் செய்த கிட்டாரில் ஏணியும் இல்லை, விசிறியும் இல்லை. இரண்டு நீண்ட சட்டங்கள் ஒலித்துளைக்குக் கீழே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, பெருக்கல் குறியாகக் கிடந்தன.

மார்ட்டின்தான் கண்டுபிடித்தார் என்று இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடலாம்தான். ஆனால் அதே காலத்தில் அமெரிக்காவிலிருந்த வேறு ஜெர்மானியக் கைவினைஞர்களும் இப்படிச் செய்திருக்கிறார்கள். பலர் கைபட்டு உருவானது என்பதே என் கணிப்பு.

வேடிக்கை என்னவென்றால், அன்றைய கிட்டாருக்கு இந்தச் சட்ட அமைப்பின் பலம் தேவையே இல்லை. அதில் பூட்டியவை விலங்குக் குடலில் திரித்த நரம்புகள். எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து பொதுவாக 70 கிலோ அளவில் இழுக்கும். நரம்புகளின் இழுவை அதில் ஏறக்குறைய பாதிதான். எஃகுக் கம்பியில் ஒலிக்கும் ஹவாய் இசை மோகம் பரவி, மார்ட்டின் தொடங்கிய நிறுவனம் 1922 முதல் எஃகுக் கம்பிக்கென்றே கிட்டார் செய்யத் தொடங்கியபோது, பெருக்கல் குறிக்கு உண்மையான வேலை வந்தது. சட்டங்களைச் சற்றுத் தடிப்பாக்கினால் போதுமாயிருந்தது. ஏணிச் சட்டம் மலிவுக் கிட்டார்களோடு தங்கிவிட்டது. அதற்காக அதை ஏளனம் செய்ய வேண்டாம்: சட்டென எழுந்து சட்டென அடங்கும் அதன் கரகரத்த ஒலி இல்லாமல் பழைய ப்ளூஸ் இசை ஏது? பாடகர் லெட்பெல்லியின் பன்னிரண்டு கம்பி ஸ்டெல்லா கிட்டார் அந்த ஜாதிதான்.

1930-களில் வந்த மார்ட்டினின் டி-28 போன்ற பெரிய உடல் கிட்டார்களில், சட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடம் ஒலித்துளையிலிருந்து ஓர் அங்குலம் அளவிலேயே இருந்தது. சட்டங்களின் முதுகையும் வளைவாகக் குடைந்திருந்தார்கள். பலகை தாராளமாக அதிர்ந்தது. கீழ்ச்சுரங்கள் அடிவயிற்றிலிருந்து எழுந்தன. வாசிப்பவர்கள் இன்னும் உரக்கக் கேட்க வேண்டுமென்று கனத்த கம்பிகளை மாட்டினார்கள். பலகைகள் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் உப்பத் தொடங்கின. 1930-களின் கடைசியில் நிறுவனம் வெட்டுப்புள்ளியைப் பின்னே தள்ளியது. 1944-இன் இறுதியில் குடைவதையும் விட்டது. ரசிகர்கள் இதைத் துரோகம் போலப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். உப்பிய கிட்டார்கள் பழுதுக்கு வந்து நின்றால் எந்த முதலாளியும் அதைத்தான் செய்திருப்பார். ஆனாலும் குரல் இறுகித்தான் போனது.

பின்னாளில் பழுதுபார்ப்பவர்கள் ஒலித்துளை வழியே கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத சட்டங்களைத் தடவித் தடவிச் செதுக்கிக் கொடுத்தார்கள். அளவோடு செதுக்கியவை பாடின; மிஞ்சியவை அமுங்கின. மார்ட்டின் நிறுவனமே 1976-இல் எச்டி-28 என்ற பெயரில், குடைந்த சட்டங்களோடு மறுபடி கிட்டார் விற்க வந்தது.